வில்லங்கம் தீராத கிரயம்

ஆண்டுக்கு 5,300 ரிங்கிட். பிலிப்பைன்சைச் சேர்ந்த சூலு சுல்தானின் வாரிசுகளுக்கு மலேசிய அரசு 2013 வரை கொடுத்துவந்த தொகை அவ்வளவுதான். மஸ்ஜித் இந்தியா சாலையில் ஒரு கடைக்கு ஒரு மாத வாடகை கட்டவே அது போதுமா என்பது சந்தேகம். ஆனால் அந்தச் சில்லறையின் பின்னால் சபா மாநிலத்தின் பெரும்பகுதி நிற்கிறது. அதன் பெயரால் 2013 பிப்ரவரியில் ஏறக்குறைய 200 பேர் ஆயுதங்களோடு லகாட் டத்துவின் தண்டுவோ கிராமத்தில் வந்திறங்கினார்கள். சண்டை ஓய்வதற்குள் மலேசியப் பாதுகாப்புப் படையினர் 10 பேர் உயிரிழந்தார்கள். அதே தொகையின் பெயரால் 2022-இல் பாரிசில் அமர்ந்த ஒரு ஸ்பானிய நடுவர், மலேசியா 1,492 கோடி அமெரிக்க டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பெழுதினார். ஒரு நாடு வேற்று அரசிடம் மண்ணை விலைக்கு வாங்குவது போரைவிட நாகரிகமான வழி என்று வெகுகாலமாகச் சொல்லப்படுகிறது. அதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியை அறிய அமெரிக்க வரலாற்றைப் புரட்டத் தேவையில்லை, நம் சொந்தக் கரையோரமே போதும். இங்கு நடந்த விற்பனைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. விலை கொடுத்ததால் மட்டும் எந்தக் கிரயமும் முற்றுப்பெறவில்லை. முற்றுப்பெற்றவை, அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் பின்னொரு காலத்தில் சம்மதித்ததால் முற்றுப்பெற்றன.

முதலில் இந்த முறைக்குச் சேர வேண்டிய பெருமையைக் கொடுத்துவிடலாம். 1803-இல் பிரான்சிடமிருந்து லூசியானாவை 1.5 கோடி டாலருக்கும், 1867-இல் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கும் அமெரிக்கா வாங்கியது. அந்த இரண்டு மாற்றங்களுக்காகவும் அமெரிக்கா பிரான்சோடோ ரஷ்யாவோடோ போரிடவில்லை. தமிழ்க் கரையில் தரங்கம்பாடியை டென்மார்க் 1845-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றது. வங்காளத்துச் செராம்பூரும் சேர்த்து விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். கோட்டையில் கொடி மாறியது, அவ்வளவுதான். 1958-இல் ஓமானிடமிருந்து பாகிஸ்தான் குவாதரை 30 லட்சம் பவுனுக்கு வாங்கியதும் இப்படித்தான். வாங்கியவரிடம் ஓர் ஆவணம் இருக்கிறது, அதில் எல்லையும் தொகையும் இருக்கின்றன, பின்னாளில் தகராறு வந்தால் நீதிமன்றத்தில் வைக்க ஒரு காகிதமாவது கையில் இருக்கிறது. படையெடுத்துப் பிடித்தவனிடம் அதுகூட இருப்பதில்லை. இவை சின்ன நன்மைகள் அல்ல.

ஆனாலும் பணப்பைக்கும் பீரங்கிக்கும் இடையே அத்தனை தூரம் இருந்ததில்லை. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கம்பெனி 1690-இல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, சுற்றுவட்ட நிலத்துக்கு எல்லை வகுத்த விதம் விசித்திரமானது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட வேண்டும், குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை வாங்கியவருக்கு. அதற்கென்றே நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சென்னையிலிருந்து வரவழைத்தார்கள். குண்டு விழுந்த தூரத்துக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. காலையில் மராட்டியக் குடிகளாக இருந்தவர்கள் வெடிச்சத்தம் கேட்ட மாலையில் கம்பெனிக் குடிகள். வாங்கல் விற்றல் என்ற ஏற்பாட்டின் முதல் குறை இதில் அப்பட்டமாகத் தெரிகிறது. பத்திரத்தில் விற்பவர் உண்டு, வாங்குபவர் உண்டு. குண்டு விழுந்த ஊர்க்காரருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

பினாங்கின் கதை இரண்டாவது குறையைக் காட்டுகிறது. 1786-இல் பிரான்சிஸ் லைட் தீவில் இறங்கிக் கம்பெனிக் கொடியை ஏற்றியபோது கெடா சுல்தான் அப்துல்லா எதிர்பார்த்தது பணம் மட்டுமல்ல. வடக்கே சயாம் அழுத்திக்கொண்டிருந்தது. தாக்குதல் வந்தால் ஆங்கிலேயப் படை துணைக்கு வர வேண்டும், இழக்கும் வணிக வருமானத்துக்கு ஈடாக ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய வெள்ளி வேண்டும் என்பது அவர் நிபந்தனை. லைட் தலையாட்டினார். கல்கத்தாவில் இருந்த கம்பெனி மேலிடம் படை உதவிக்கு ஒப்புக்கொள்ளவே இல்லை. ஐந்து ஆண்டுகள் காத்திருந்த சுல்தான், தீவை மீட்கக் கரையோரத்தில் படை திரட்டித் தோற்றார். தோற்ற பிறகு 1791-இல் போட்ட உடன்படிக்கையில் அவருக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 6,000 வெள்ளி. 1800-இல் எதிர்க்கரையான செபராங் பிறையும் கைமாறியபோது அது 10,000 ஆனது. சயாம் உண்மையிலேயே 1821-இல் கெடாவின் மேல் பாய்ந்தபோது பினாங்கிலிருந்து ஒரு படையும் உதவிக்கு வரவில்லை. விற்றவருக்குத் தேவைப்பட்ட உண்மையான விலை பாதுகாப்பு. அதைக் கொடுக்காமல், அதற்குப் பதிலாக ஓர் ஆண்டுத்தொகையைக் கொடுத்துக் கணக்கை நேர் செய்துவிட்டார்கள். இதைக் கிரயம் என்பதா, தோற்றவருக்கு எறிந்த ஓய்வூதியம் என்பதா?

ஆண்டுத்தொகையில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வாங்குபவருக்கு அது மலிவு. கையிருப்பைக் கரைக்க வேண்டியதில்லை, பணத்தின் மதிப்பு தேயத் தேயச் சுமை தானாகவே குறையும். ஆனால் ஆண்டுதோறும் பணம் போய்ச்சேரும்போதெல்லாம், இது இன்னும் எங்களுடையதுதானே என்ற நினைப்பும் கூடவே போய்ச்சேர்கிறது. கெடாவுக்கு அந்தப் பழைய 10,000 கூட்டரசு காலத்திலும் தொடர்ந்தது. பினாங்கு கெடாவின் குத்தகை நிலம் என்று கெடா மந்திரி பெசார் மேடையில் பேச முடிவது அந்தத் தொடர்ச்சியின் பலத்தில்தான். சட்டப்படி அந்தப் பேச்சு நிற்காது. 1957-இல் மலாயாக் கூட்டரசு விடுதலை பெற்றபோது பினாங்கு தனி மாநிலமாக அரசமைப்பில் இடம்பெற்றது, கெடா ஆட்சியாளரும் அதற்கு உடன்பட்டார். பினாங்கின் உரிமையை உறுதி செய்தது 1791-ஆம் ஆண்டுக் காகிதமோ 1800-ஆம் ஆண்டுக் காகிதமோ அல்ல, விடுதலையின்போது எல்லாரும் ஏற்றுக்கொண்ட அரசமைப்பு.

அப்படியானால் தவணையை விட்டுவிட்டு மொத்தமாகக் கொடுத்துத் தீர்ப்பதுதான் சரி என்று தோன்றலாம். சிங்கப்பூரில் அதைச் செய்தார்கள். 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சுல்தான் உசேனுக்கு 33,200 ஸ்பானிய வெள்ளியும் தெமெங்கோங்குக்கு 26,800-உம் ரொக்கமாகப் போயின. மாதப்படி அவர்கள் ஆயுள் உள்ளவரை மட்டும். முடிச்சுப் போட வேண்டிய இடத்தில் முடிச்சுப் போட்ட ஏற்பாடு அது. ஆனால் அந்த உசேன் யார்? டச்சுக்காரர்கள் ஏற்றிருந்த ஜொகூர்-ரியாவ் சுல்தான் அவருடைய தம்பி அப்துல் ரகுமான். 1819-இல் ராபிள்சுக்கு நிலம் தேவைப்பட்டது, நிலத்தைக் கொடுக்க அதிகாரமுள்ள ஒரு சுல்தான் தேவைப்பட்டார், ஆகவே ஒரு சுல்தானை நியமித்துக்கொண்டார். வாங்க வந்தவரே விற்பவரையும் உண்டாக்கிக்கொண்ட கிரயத்தில் தொகை முழுதாகத் தீர்ந்ததைப் பெருமையாகச் சொல்ல என்ன இருக்கிறது?

1909-இல் கெடாவே கைமாறியது. கெடா, கிளந்தான், திரங்கானு, பெர்லிஸ் ஆகிய நான்கின் மீதும் தனக்கிருந்த மேலாண்மையைச் சயாம் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. அதோடு சேர்ந்து சயாமியத் தெற்கு இரயில் பாதைக்கு 40 லட்சம் பவுன் கடன் ஏற்பாடானது. அந்தப் பணம் லண்டன் கஜானாவிலிருந்து வரவில்லை. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் அடங்கிய மலாய் ஐக்கிய நாடுகளின் வருவாயிலிருந்து வந்தது, அதாவது ஈயச் சுரங்கத்திலும் அபினிலும் இரப்பர்த் தோட்டத்திலும் வேர்த்தவர்கள் கட்டிய வரியிலிருந்து. கிள்ளான் பள்ளத்தாக்கில் வெள்ளம் வராமல் தடுக்கவோ லயங்களைச் சீர்படுத்தவோ போயிருக்கக்கூடிய பணம் பாங்காக்கின் தண்டவாளத்துக்குப் போனது. தன் நாட்டை மாடு விற்பதுபோல் விற்றுவிட்டார்கள் என்று கெடா சுல்தான் மனம் நொந்தார் என்பார்கள். அந்த நோக்காட்டில் வாங்கியவர்மேல் இருந்ததைவிட விற்றவர்மேல் கோபம் அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது சபாவுக்கு வரலாம். கதை வழக்கமாக 1878-இல் தொடங்கும். ஒரு வருடம் முன்னதாகத் தொடங்குவதுதான் நியாயம். 1877 டிசம்பரில் ஜெர்மானியரான ஓவர்பெக்கும் லண்டன் வணிகர் ஆல்பிரட் டென்டும் புருணை சுல்தானிடமும் அவருடைய தெமெங்கோங்கிடமும் இன்றைய சபாவான வட போர்னியோவை ஆண்டுக்கு 15,000 டாலர் தருவதாகச் சொல்லி வாங்கினார்கள். உடனே ஓவர்பெக் கப்பலேறிச் சூலுவுக்குப் போய், 1878 ஜனவரி 22-இல் சுல்தான் ஜமாலுல் ஆலமிடம் அதே நிலத்தின் பெரும்பகுதியை ஆண்டுக்கு 5,000 டாலருக்கு இருவருக்குமாக மீண்டும் வாங்கினார். 1903-இல் சில தீவுகளைச் சேர்த்ததில் அது 5,300 ஆயிற்று. ஒரே மனையை அண்ணனிடமும் தம்பியிடமும் தனித்தனியாக எழுதி வாங்குகிறவனுக்குத் தெரியும், உண்மையான உரிமையாளர் யாரென்று தனக்கே நிச்சயமில்லை என்று. சூலு சுல்தானோ நெருக்கடியில் இருந்தார். ஸ்பானியர்கள் 1876-இல் அவருடைய ஜோலோவைப் பிடித்திருந்தார்கள். கையெழுத்திட்ட ஆறே மாதத்தில் அவர் ஸ்பெயினுக்குப் பணிந்தார். வீடு தீப்பற்றி எரியும்போது பின்கட்டை விற்றதைத் தாராள மனத்தோடு செய்த விற்பனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்த ஆவணத்தின் ‘பஜாக்கான்’ என்ற மலாய்ச் சொல் குத்தகையைக் குறிக்கிறதா, நிரந்தரக் கைமாற்றத்தைக் குறிக்கிறதா என்று மணிலாவும் கோலாலம்பூரும் அறுபது ஆண்டுகளாக வழக்காடுகின்றன. அகராதிச் சண்டையில் இறங்காமலே நடந்ததைப் பார்க்கலாம். 1885-இல் ஸ்பெயின் போர்னியோ மீதான உரிமையைப் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. சுல்தான் இரண்டாம் ஜமாலுல் கிராம் 1936-இல் நேரடி வாரிசின்றி இறந்தபின், பணம் யாருக்கு என்று கேட்டுக் குடும்பத்தார் போனது வட போர்னியோ நீதிமன்றத்துக்கு. 1939-இல் தலைமை நீதிபதி மெக்காஸ்கி ஒன்பது பேருக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தார். மண் எங்களுடையது என்பவர்கள் அந்த மண்ணின் நீதிமன்றத்திலேயே தொகைக்கு மனுப் போட்டது, அதன் அதிகாரத்தை ஏற்றதற்குச் சமம். இன்னொரு விதியும் அந்தப் பத்திரத்தில் இருந்தது. தகராறு வந்தால் போர்னியோவிலுள்ள பிரிட்டிஷ் தூதரிடம் கொண்டுபோக வேண்டும். வாங்கியவனின் ஆளே பஞ்சாயத்துத் தலைவர்! வாரிசுகளின் வழக்கறிஞர்கள் நடுவர் மன்றத்தைக் கூட்டப் பிடித்துக்கொண்டது அந்த வரியைத்தான். அதே வரிதான் அவர்களைக் கவிழ்த்தது. அப்படியொரு பதவியே இன்று இல்லாதபோது அந்த விதி செத்துவிட்டது என்று பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஜூனில் சொன்னது. பிரெஞ்சு உச்ச நீதிமன்றமும் 2024-இல் அதை உறுதி செய்தது.

2013-இல் பணத்தை நிறுத்தாமல் இருந்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காதே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒப்புக்கொண்ட தொகையை ஒருதலையாக நிறுத்துகிறவர் எதிராளியின் கையில் ஆயுதத்தைக் கொடுக்கிறார். ஆனால் தவறு 2013-இல் மட்டும் நடந்ததாகக் கொள்ள முடியாது. 1963-இல், சபா மக்களின் சம்மதத்தோடு புதிய நாடு அமைந்த நேரத்தில், வாரிசுகளோடு ஒரு முழுத் தீர்வைப் பேசி அந்த ஆண்டுத்தொகையை முடித்திருக்கலாம். மலிவு என்பதால் இழுத்தடித்தார்கள். 5,300 ரிங்கிட்டைச் சேமிக்கவில்லை, வில்லங்கத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தார்கள்.

கிரயப் பத்திரம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்குச் சிப்பாடான், லிகித்தான் தீவு வழக்கைவிட நல்ல சோதனை கிடைக்காது. இந்தோனேசியாவுக்கு எதிராக அனைத்துலக நீதிமன்றத்தில் மலேசியா ஒரு நீண்ட சங்கிலியைக் காட்டியது: சூலுவிலிருந்து ஸ்பெயின், ஸ்பெயினிலிருந்து 1900-இல் ஒரு லட்சம் டாலருக்கு அமெரிக்கா வாங்கிய தீவுகள், அமெரிக்காவிலிருந்து பிரிட்டன், பிரிட்டனிலிருந்து மலேசியா. அந்தச் சங்கிலியை நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்தோனேசியாவின் உடன்படிக்கை வாதத்தையும் ஏற்கவில்லை. 2002 டிசம்பரில் 16-க்கு 1 என்று மலேசியாவுக்குத் தீர்ப்பானபோது சொன்ன காரணம் வேறு: ஆமை முட்டை எடுப்பதை ஒழுங்குபடுத்த வட போர்னியோ அரசு 1917-இல் போட்ட சட்டம், 1933-இல் சிப்பாடானைப் பறவைச் சரணாலயமாக அறிவித்தது, 1960-களின் தொடக்கத்தில் கட்டிய கலங்கரை விளக்கங்கள். நம்மூர் வழக்கில் அனுபோக பாத்தியதை என்போமே, அதுதான். லட்சம் டாலர் சாதிக்காததை யார் எத்தனை முட்டை எடுக்கலாம் என்ற விதி சாதித்தது.

இந்த இடத்தில் ஒரு தடை எழும். மக்களின் சம்மதம் என்பது இருபதாம் நூற்றாண்டுக் கருத்து, அதைக் கொண்டு பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளை அளப்பது முறையா? ஓவர்பெக்கையோ லைட்டையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. ஆனால் மக்களைக் கேட்காத விற்பனை அந்தந்தக் காலத்திலேயே விலை கேட்டிருக்கிறது. 1946-இல் சரவாக்கின் கடைசி வெள்ளை ராஜா சார்லஸ் வைனர் புரூக், தமக்கும் தம் குடும்பத்துக்கும் ஓய்வூதிய ஏற்பாட்டோடு நாட்டைப் பிரிட்டிஷ் அரசிடம் ஒப்படைத்தார். சரவாக் மன்றத்தில் அது 19-க்கு 16 என்ற வாக்கில்தான் தேறியது, அந்த 19-இல் ஐரோப்பிய அதிகாரிகளும் உண்டு. மலாய் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் நூற்றுக்கணக்கில் வேலையை உதறினார்கள். 1949 டிசம்பரில் சிபுவில் ஆளுநர் டங்கன் ஸ்டுவர்ட்டை ரோஸ்லி டோபி என்ற இளைஞர் கத்தியால் குத்தினார். சிங்கப்பூர் மருத்துவமனையில் ஆளுநர் இறந்தார், மறு ஆண்டு ரோஸ்லி தூக்கிலேறினார். போரில்லாத கைமாற்றம் என்று எழுதும் கையால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. டென்மார்க்கும் தன் மேற்கிந்தியத் தீவுகளை 1917-இல் 2.5 கோடி டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்குமுன் பொது வாக்கெடுப்பு நடத்தியது. டென்மார்க்கில் நடத்தியது. தீவுக்காரர்களுக்கு வாக்கில்லை.

சம்மதம் என்ற அளவுகோலும் முழுதாக நேரானதல்ல என்பதை மறைக்கக் கூடாது. 1962-இல் கோபால்ட் ஆணையம் சபாவிலும் சரவாக்கிலும் 4,000-க்கும் மேற்பட்டோரை நேரில் கேட்டது. மூன்றில் ஒரு பங்கினர் மலேசியாவை உறுதியாக விரும்பினார்கள், இன்னொரு பங்கினர் நிபந்தனைகளோடு, மூன்றாம் பங்கினர் விடுதலை முதலில் வேண்டும் என்பவர்களும் வேண்டவே வேண்டாம் என்பவர்களும். இதைப் பொங்கிவந்த ஆதரவு என்று சொல்ல மாட்டேன். மறு ஆண்டு ஐ.நா. குழு வந்து பெரும்பான்மை ஆதரவை உறுதி செய்ததால் குறை ஓரளவு சரியானது. ஒரே நாட்டுக்குள் நடக்கும் கைமாற்றத்திலும் இந்தக் கோளாறு உண்டு. 1974 பிப்ரவரி 1-இல் சிலாங்கூர் கோலாலம்பூரைக் கூட்டரசிடம் ஒப்படைத்தது. அதுவரை சிலாங்கூர் மண்ணாக இருந்த மஸ்ஜித் இந்தியாவும் பிரிக்பீல்ட்சும் அன்றிலிருந்து கூட்டரசுப் பிரதேசம். அங்கே வாழ்பவர்களுக்குச் சட்டமன்ற உறுப்பினர் கிடையாது, மேயரோ நியமனம். பெடரல் நெடுஞ்சாலையில் எழுந்த கோத்தா டாருல் எசான் வளைவு சிலாங்கூர் அரண்மனையின் இழப்பைச் சொல்கிறது. நகரத்தார் இழந்த வாக்குக்கு வளைவு எதுவும் இல்லை.

நிபந்தனைகளோடு சம்மதித்த அந்த இரண்டாம் பங்கினருக்கு என்ன ஆயிற்று என்பதில்தான் சபா விவகாரத்தின் முள் இன்று இருக்கிறது. மலேசியா அமைந்தபோது அரசமைப்பில் சபாவுக்கென ஒரு விதி எழுதினார்கள். கூட்டரசு சபாவிலிருந்து பெறும் நிகர வருவாய் 1963-ஆம் ஆண்டு அளவுக்கு மேல் எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஐந்தில் இரண்டு பங்கு மாநிலத்துக்குத் திரும்ப வேண்டும், காலந்தோறும் மறு ஆய்வு வேண்டும். நடந்தது என்னவென்றால், 1970-களில் தொகை ஆண்டுக்கு 2.67 கோடி ரிங்கிட் என்று உறைந்துபோய் 2021 வரை அப்படியே நின்றது. எண்ணெய் வந்தது, செம்பனை வந்தது, ரிங்கிட் தேய்ந்தது, அந்த எண் மட்டும் அசையவில்லை. ஓவர்பெக்கும் டென்டும் செய்த அதே வேலை: ஒரு மாறாத ஆண்டுத்தொகையைக் குறித்துவிட்டு, காலம் அதைக் கரைக்கும் என்று காத்திருப்பது. சபா வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2025 அக்டோபரில் கோத்தா கினபாலு உயர் நீதிமன்றம், 1974 முதல் 2021 வரை மறு ஆய்வை விட்டுவிட்டது சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. பாரிசில் மலேசியா வென்றதற்குக் காரணம், பஞ்சாயத்து செய்ய வேண்டிய தூதர் பதவி இன்று இல்லை என்பது. இந்தக் கணக்கில் அந்த வசதி கிடையாது. ஒப்பந்தத்தின் இரு தரப்பும் இருக்கின்றன, விதி அரசமைப்பில் அப்படியே இருக்கிறது, தீர்ப்புச் சொல்ல வேண்டிய நீதிமன்றமும் உள்ளூரிலேயே இருக்கிறது.